நான்காம் குளத்தின் எடை

மே 4

முதல் நாள். நான்காம் குளத்தில் பாசி விட்டாயிற்று. காலை எடை: லிட்டருக்கு 0.21 கிராம்.

குளம் என்கிறோம். உண்மையில் ஓட்டப்பந்தயத் தடம் போல நீள்வட்டமான தொட்டி. ஒரு சாண் ஆழம். கறுப்பு விரிப்பு. ஒரு துடுப்புச் சக்கரம் நாள் முழுவதும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து அனல் நிலையத்தின் புகைபோக்கியிலிருந்து ஒரு கிளைக்குழாய் வருகிறது. ஆறவைத்த புகை, தண்ணீருக்கடியில் குமிழ்களாக வெளிப்படும். பாசி அதிலுள்ள கரியமில வாயுவைத் தின்று வளரும். உலர்ந்த பாசி இறால் பண்ணைகளுக்குத் தீவனம்.

ஒரு கிலோ பாசி ஏறக்குறைய ஒன்றேமுக்கால் கிலோ வாயுவைத் தின்றிருக்கும். ஆகவே பாசியைத் தராசில் நிறுத்தால் போதும். காற்றை நிறுத்த மாதிரி.

இருபத்தொரு நாள். நடுவில் அறுவடை இல்லை. கடைசி நாள் சென்னையிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். அன்று எடை 1.1-ஐத் தொட்டிருந்தால் இரண்டாம் கட்டம்: நாற்பது குளங்கள், பதினோரு தொழிலாளருக்கும் நிரந்தர வேலை, எனக்கு முனைவர் பட்டம். தொடாவிட்டால் ஜூன் முப்பதோடு பூட்டு.

ஜெசிந்தாதான் குளங்களைப் பார்த்துக்கொள்பவள். இதற்கு முன் பதினான்கு வருடம் உப்பளத்தில் இருந்தவள். என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஆனாலும் மேடம் என்பாள்.

"உங்க பிள்ளைய தண்ணில விட்டாச்சு மேடம். இனி இருவத்தோரு நாளும் நீங்க உறங்க மாட்டிய, எங்களையும் உறங்க விட மாட்டிய."

ஆய்வகக் குறிப்பேட்டில் எண்கள் மட்டுமே எழுதலாம். இது வேறு நோட்டு. இதில் எல்லாவற்றையும் எழுதலாம்.

மே 5

நல்ல தண்ணீர் லாரி வரவில்லை. வெயிலில் குளம் தினம் ஒரு விரல் அகலம் வற்றுகிறது. வற்றியதை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். சாலை பிரியும் சிப்பிக்காட்டு விலக்கில் ஊர்ப் பெண்கள் லாரியை மறித்துக் குடங்களை நிரப்பிக்கொண்டார்களாம். மே மாதம். அவர்களிடம் என்ன சொல்வது.

சாரிடம் சொன்னேன். டாக்டர் கேசவமூர்த்தி, திட்டத்தின் தலைவர். இந்தக் குளங்களுக்காகப் பல்கலைக்கழக வேலையை விட்டு வந்தவர்.

"வாய்க்கால்ல கடல் தண்ணி வருதில்ல? அதையே ஏத்துங்க. அரசி, இது கடல் பாசிதானே, கடல் தண்ணி குடிக்க மாட்டேங்குமா?"

ஏற்றினோம். போன மேயிலும் இப்படித்தான்.

மே 6

காலை ஏழு மணி வேலையை ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

இருபது மில்லி குளத்து நீரை வடிதாளில் ஊற்றி உறிஞ்ச வேண்டும். தாளில் ஒரு பச்சை வட்டம் தங்கும். உலர்த்தும் பெட்டியில் இரண்டு மணி நேரம். பிறகு தராசு.

ஒரு சிக்கல். ஈரத்தாள் கொஞ்சம் கடல் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்ததும் அதன் உப்பு தாளிலேயே நிற்கும். தராசுக்குப் பாசியும் உப்பும் ஒன்றுதான். ஆகவே தாளைக் கழுவ வேண்டும். வெறும் நீரில் கழுவினால் பாசியின் செல்கள் வெடித்துவிடும். அம்மோனியம் பைகார்பனேட் கரைத்த நீர் வேண்டும். சூடு பட்டால் அது மிச்சமின்றிப் பறந்துவிடும்.

போன வருடம் ஜனவரியில் அது தீர்ந்தது. கேட்டு எழுதினோம். கோப்பு எங்கோ நிற்கிறது. அதுவரைக்கும் ஓர் ஏற்பாடு செய்தேன். வெறும் கடல் நீரை வடித்து, தாளில் தங்கும் உப்பை நிறுத்தேன். 21 மில்லிகிராம். ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தராசின் நெற்றியில் ஒட்டினேன்: உப்புக்குக் கழிக்க - 21. யார் நிறுத்தாலும் இருபத்தொன்றைக் கழித்தால் போதும், கழுவும் வேலை மிச்சம்.

பதினாறு மாதமாக அங்கேயே இருக்கிறது. ஓரம் சுருண்டுவிட்டது.

இன்று 0.30.

மே 8

0.40. லாரி இல்லை. வாய்க்கால் நீர்.

மே 10

0.49.

சார் வரைபடத்தைத் தொலைபேசியில் திறந்து ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். காவலாளியிடம்கூட. நேர்கோடு, மேலே போகிறது.

"இவ்ளோ சுத்தமான கோடு நான் பார்த்ததே இல்ல அரசி. உயிர் இருக்கிற எதுவும் இப்படி நேரா வளராது."

சிரித்தார். நானும்.

அம்மா கும்பகோணத்திலிருந்து பேசினாள். பட்டம் எப்போது என்றாள். ஆகஸ்ட் என்றேன்.

மே 12

0.60.

ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைத் தட்டைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குவது இன்னொரு சோதனை. பாசி அடர அடரத் தட்டு சீக்கிரம் மறைய வேண்டும். முதல் நாள் பதினான்கு சென்டிமீட்டரில் மறைந்தது. இன்றும் பதினான்கில்.

மேகம் இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைக்கிறேன்.

மே 13

மேகம் இல்லை. பதினான்கு.

மே 15

0.73.

ஜெசிந்தா வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிக் குழல் கொண்டுவந்திருந்தாள். உப்பளத்துச் சாமான். தண்ணீரில் மிதக்கவிட்டால் உப்பின் பதம் சொல்லும். அவர்கள் டிகிரி என்கிறார்கள். பாத்தி கட்டும்போது இதை வைத்துத்தான் எந்தத் தண்ணீரை எந்தப் பாத்திக்கு விடுவது என்று பார்ப்பார்களாம்.

"மேடம், கடத்தண்ணி மூணரைதான் இருக்கும். இதப் பாருங்க. அஞ்சேகால்."

"வத்துதில்ல. ஏறத்தான் செய்யும்."

"ஏறத்தான் செய்யும்னா? நீங்க பாசி போடுதியளா, உப்பு போடுதியளா? இன்னும் ஒரு மாசம் விடுங்க, நான் பலகையக் கொண்டாந்து வாரிட்டுப் போறேன்."

பக்கத்தில் குழாய் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"இந்தப் பாசி உப்பு தாங்கும்" என்றேன். அது உண்மை. கொஞ்சம் தாங்கும்.

அவள் குழலைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "தண்ணி நெறமும் ஒரு மாதிரி இருக்கு. போன வாரம் அரைச்ச கீரை மாதிரி இருந்துச்சு. இப்ப கழனித் தண்ணி."

வெளுப்பை நான் பார்க்கவில்லை. தினம் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது.

அவளும் தினம் பார்க்கிறாள்.

மே 17

0.84.

கணக்கு ஒன்று. இரண்டு வரிக் கணக்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும்.

தாளில் தங்கும் நீரின் அளவு மாறாது. அந்த நீரில் உப்பு ஏறினால் தாளில் தங்கும் உப்பும் ஏறும். இருபத்தொன்று இருபத்தொன்றாகவே இருக்காது. நான் கழிப்பது மட்டும் இருபத்தொன்று. மீதியைத் தராசு பாசி என்று சொல்கிறது.

போடவில்லை. குறிப்பேட்டை எடுத்துப் போன வருட மேயைப் பார்க்கப் போனேன். அந்த மே எங்கள் மிகச் சிறந்த மாதம். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அதுதான்: கோடை வெயிலில் பாசி இரண்டு மடங்கு வேகமாக வளர்கிறது. இரண்டாம் கட்டத்துக்கான விண்ணப்பமும் அதன்மேல்தான் நிற்கிறது.

மே 18 இருக்கிறது. மே 20 இருக்கிறது. மே 19 இல்லை. தையலோரத்தில் கிழிந்த விளிம்பு மட்டும்.

யார் கிழித்தார்கள் என்று தெரியவில்லை.

மே 18

தேநீர் நேரத்தில் ஜெசிந்தா ஆய்வகத்துக்குள் வந்தாள். காலிப் புட்டியை எடுத்து முகர்ந்தாள். அம்மோனியம் பைகார்பனேட் இருந்த புட்டி. மூடியில் இன்னும் வாசனை.

"ஏ, இது எங்கண்ணன் பேக்கரியில பிஸ்கட்டுக்குப் போடுறதுல்லா! அமோனியாம்பாங்க. மூட்டையா கிடக்கும் மேடம். இது இல்லன்னா ஒன்றரை வருசமா கடுதாசி போட்டுட்டு இருக்கிய? தூத்துக்குடில எந்த பேக்கரியில கேட்டாலும் தருவான்."

புட்டியை வாங்கி மூடினேன். பேக்கரியில் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன்.

மேசையில் பழைய குறிப்பேடு விரிந்து கிடந்தது. கிழிந்த விளிம்பைத் தொட்டாள்.

"வடை தாளு."

"என்ன?"

"போன வருசம் நாங்க வடை வாங்கியாந்தோம்லா, நம்மகூட வேல பாக்குற பிலோமி பிரசவத்துக்குப் போனப்ப. எண்ணெ வடியுதுன்னு சொன்னேன். நீங்க இதுலேருந்து சர்ருனு ஒரு தாளக் கிழிச்சுத் தந்தியளே. நானே கேட்டேன், எழுதின தாள ஏன் மேடம் கிழிக்கியன்னு. அது வேண்டாம்னிய."

"அப்படியா."

"ரெண்டு பத்தியா எழுதிருந்துச்சு. ஒரு பக்கம் சின்ன நம்பர், ஒரு பக்கம் பெரிய நம்பர். அதுமேல வடைய வச்சுத் தின்னோம்."

நினைவில்லை.

மே 19

ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் பையில் கால் கிலோ அமோனியா கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பெருமையாக இருந்தாள். அரசு அலுவலகமும் பல்கலைக்கழகமும் பதினாறு மாதத்தில் முடிக்காததை ஓர் இரவில் முடித்தவள்.

சாரிடம் போனேன். சுற்றிவளைத்துச் சொன்னேன். உப்பு ஏறியிருக்கிறது சார். கழிக்கும் எண்ணைச் சரிபார்க்கலாமா. கழுவிப் பார்க்கலாமா.

வரைபடத்தைத் தொலைபேசியில் திறந்தார், மூடினார்.

"பதினாறு நாள் ஒரு முறைல எடுத்திருக்கோம். இப்ப நடுவுல முறைய மாத்தினா அதுதான் தப்பு. எந்த ஆய்வாளரும் ஒத்துக்க மாட்டாங்க. ஒரு ஓட்டம், ஒரு முறை. முடிச்சுட்டு அடுத்த ஓட்டத்துல மாத்தலாம். சரிதானே?"

சரிதான். முறையியல் வகுப்பில் நானே இதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

"எவ்ளோ வித்தியாசம் வரும்னு நினைக்கிறீங்க?" என்றார். பிறகு உடனே, "வேண்டாம், சொல்லாதீங்க."

வெளியே வந்தபோது லேசாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மே 20

ஜெசிந்தா விடவில்லை. "ஏன் மேடம் போடல? பை அப்படியே கிடக்கு."

சொல்லிவிட்டேன். முழுவதும். தாளில் தங்கும் உப்பு, இருபத்தொன்று, தராசு. குளத்தின் கரையில் நின்றுகொண்டு. சக்கரம் சளப் சளப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் புரிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உப்பைப் பற்றி அவளுக்கு யாரும் புரியவைக்க வேண்டியதில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நாம நிறுத்தது உப்பையா?"

"கொஞ்சம் பாசி. மீதி உப்பு."

"கழுவுனா?"

"நம்பர் விழுந்துடும்."

"விழுந்தா?"

அவள் தன் காலைப் பார்த்தாள். உப்பளத்தை விட்டு மூன்று வருடம் ஆகியும் குதிகால் வெடிப்பு ஆறவில்லை. இரண்டாம் கட்டம் வந்தால் அவளுக்கு மேற்பார்வையாளர் பதவி என்று சார் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பையத் தாங்க."

"ஜெசிந்தா..."

"தாங்க மேடம். நான் ஒண்ணும் கொண்டாரல. டிகிரியும் பாக்கல. வாயி, இந்த வாயிதான் எனக்கு எப்பவும். இனி தொறந்தேன்னா செருப்பக் கழத்தி அடிங்க. நாலு நாளுதான இருக்கு? சும்மா இருங்க. நீங்க சும்மா இருக்கப் பழகுனவியதான."

கடைசி வரியை வேண்டுமென்றே சொன்னாளா தெரியவில்லை.

பையைக் கொடுத்தேன்.

மே 21

1.02.

மே 22

முழுப் பையையும் கொடுக்கவில்லை. இரண்டு கரண்டி எடுத்து வைத்திருந்தேன்.

காலையில் இரண்டு தாள். ஒரே குளம், ஒரே குவளை, ஒரே இருபது மில்லி. ஒன்றைக் கழுவவில்லை. ஒன்றை மூன்று முறை கழுவினேன். கழுவாத தாள் சொரசொரப்பாக, வெளிறிய பூ விழுந்த மாதிரி உலர்ந்தது. கழுவியது மெல்லிய பச்சை.

நிறுத்தேன்.

குறிப்பேட்டில் முதல் தாளின் எண்ணை மட்டும் எழுதினேன். இந்த நோட்டில் இரண்டாவதை எழுதலாம். எல்லாவற்றையும் எழுதலாம் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

நாளை எழுதுகிறேன்.

மே 23

1.11. தொட்டாயிற்று. ஒரு நாள் முன்னதாக.

சார் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். கோப்பைகள் மேசையில் உருகின. ஜெசிந்தா வாங்கிக்கொள்ளவில்லை, பல் கூசும் என்றாள்.

தட்டை இறக்கினேன். தரை வரை தெரிந்தது. தட்டுக்கடியில் கறுப்பு விரிப்பின் மடிப்பும் தெரிந்தது.

மே 24

எழுதிவிட வேண்டும். வரிசையாக.

மதிப்பீட்டாளர் பத்து மணிக்கு வந்தார். பத்மலோசனி. ஐம்பது வயதிருக்கும். பருத்திச் சேலை, தடித்த கண்ணாடி. குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளினார். "கொஞ்சம் வெளுத்தாப்ல இருக்கே?" என்றார். சார், "வெயில் மேடம், கண்ணாடியா அடிக்குது" என்றார். அவர் தலையசைத்தார். குறிப்பேட்டைப் புரட்டினார். வரைபடத்தைப் பார்த்தார். முகத்தில் எதுவும் இல்லை, ஆனால் வேகமாகப் புரட்டினார், திருப்தியான ஆள் புரட்டுகிற மாதிரி.

"என் முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்கம்மா. அப்புறம் கையெழுத்து போட்டுடலாம். மூணு மணிக்கு எனக்கு ரயில்."

இருபது மில்லி. ஊற்றினேன். உறிஞ்சும் பம்பு சத்தம் போட்டது. வட்டம் தாளில் விழுந்தது. சார் என் வலப்பக்கம். கதவருகில் ஜெசிந்தா, கையில் துடைப்பம், துடைக்கவில்லை. மதிப்பீட்டாளர் தொலைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தாளை எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தால் போதும்.

எது என்னை நிறுத்தியது என்று யோசித்தேன். நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை. தராசின் நெற்றியில் என் கையெழுத்து. இருபத்தொன்றின் ஒன்றை நான் எப்போதும் கொஞ்சம் சாய்த்துப் போடுவேன். அது மட்டும்தான் தெரிந்தது.

அலமாரிக்குப் பின்னாலிருந்து புட்டியை எடுத்தேன். மீதி அமோனியாவை நேற்றுக் கரைத்து வைத்தது. ஏன் கரைத்தேன் என்று நேற்று எழுதவில்லை.

முதல் முறை ஊற்றினேன்.

"அரசி" என்றார் சார். மெதுவாக. அதட்டல் இல்லை. தூக்கத்தில் இருப்பவரை எழுப்பும் குரல்.

இரண்டாவது. மூன்றாவது. கொஞ்சம் மேசையில் சிந்தியது. அறையெல்லாம் அமோனியா வாடை. மதிப்பீட்டாளர் தலையைத் தூக்கினார்.

"தினமும் இப்படித்தான் கழுவுறீங்களா?"

"இல்ல மேடம். இன்னிக்குத்தான்."

அவர் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு தராசைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

உலர இரண்டு மணி நேரம். அதை எழுத முடியாது. சார் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். மதிப்பீட்டாளர் தன் டிபன் பெட்டியைத் திறந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டார், எனக்கும் ஒரு கரண்டி வைத்தார், நான் சாப்பிட்டேன். எலுமிச்சை ஊறுகாய். ஜெசிந்தா குளத்தருகே சக்கரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

தாள் வெளியே வந்தது. தராசின் கண்ணாடிக் கதவை மூடினேன். எண் ஓடி ஓடி நின்றது. லிட்டருக்குக் கணக்குப் போட்டேன்.

0.16.

விட்ட பாசியைவிடக் குறைவு. இருபத்தொரு நாளில் குளம் எதையும் தின்னவில்லை. இருந்ததில் கால் பங்கையும் இழந்திருக்கிறது. மிச்சமெல்லாம் கடல்.

"இது எப்போலேருந்து?" என்றார் மதிப்பீட்டாளர்.

சார் வாசலில் நின்றிருந்தார். "இந்த ஓட்டத்துல மட்டும்தான் மேடம். லாரித் தண்ணி பிரச்சினை. இல்லன்னா..."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். போன வருடத்தைத் தொடாமல் விட்டால் மூன்றாம் அத்தியாயம் பிழைக்கும். அதை அவர் யோசித்திருந்தார், அந்த நேரத்திலும்.

"போன வருஷம் மே மாசத்துலேருந்து" என்றேன். "அப்பவே ரெண்டு தாள் வெச்சுப் பார்த்தேன். மே பத்தொம்போது. எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை நான்தான் கிழிச்சேன்."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது தெரியாது. இத்தனை நாளும் அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

மதிப்பீட்டாளர் மூன்று மணி ரயிலை விட்டுவிட்டார். ஆறு வரை உட்கார்ந்து எழுதினார்.

கிளம்பும்போது, "சீட்ட எடுத்துடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

பசை காய்ந்து போயிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். துண்டு துண்டாக வந்தது.

மே 22-இன் இரண்டாவது எண்: 0.17.

மே 25

ஜெசிந்தா வந்தாள். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டாள். என்னிடம் பேசவில்லை.

மே 27

கடிதம் வந்தது. இரண்டாம் கட்டம் இல்லை. ஜூன் முப்பது வரை சம்பளம். அந்தக் கட்டத்துக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகச் சார் எழுதிக் கொடுத்திருக்கிறார். தன் பெயரை முதலில் போட்டு, என் பெயரை இரண்டாவதாக.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு வழிகாட்டிக்கு நான் எழுதினேன். ஆகஸ்ட் இல்லை என்று. மூன்றாம் அத்தியாயம் இல்லை என்று. ஏன் என்றும்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மே 28

ஜெசிந்தா இன்றும் பேசவில்லை. மற்றவர்கள் பேசுகிறார்கள், அது இன்னும் கஷ்டம். பிலோமி, "போட்டும் மேடம்" என்றாள், கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே. அவளுக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மே 31

சக்கரத்தை நிறுத்திவிட்டோம். நான்காம் குளத்தை வற்றவிடச் சொல்லிவிட்டார்கள். சத்தம் இல்லாமல் தண்ணீர் இவ்வளவு தட்டையாக இருக்கும் என்று தெரியாது. ஓரங்களில் வெள்ளையாக விளிம்பு கட்ட ஆரம்பித்திருக்கிறது.

மாலையில் ஆய்வகத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம், எண்ணெயில் நனைந்து கறுத்திருந்தது.

"திங்கக்கிழமையிலேருந்து அளத்துக்குப் போறேன். பழைய கங்காணிட்டயே சொல்லியாச்சு. வாடி மகராசி, பாசி வளத்தது போதுமான்னு கேக்கான்."

"நீ என்ன சொன்ன?"

"வளத்தது பாசி இல்லவே, உப்புதான்னேன். அங்கயும் அதான் வளத்தேன், இங்கயும் அதான் வளத்தேன், நீதான் கூலிய கொறச்சுத் தந்தேன்னேன்."

சிரிப்பு வந்தது. வந்ததும் நின்றுவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"உங்க மேல கோவம் இருக்கு மேடம். போவாது. சொல்லிட்டுத் தின்னா செமிக்கும்னுதான் சொல்லுதேன்."

பொட்டலத்தைப் பிரித்தாள். உளுந்த வடை, நான்கு. இலை கிழிந்து எண்ணெய் மேசையில் சொட்டியது.

"ஒரு தாளு தாங்க. வடியுது."

மேசையில் ஆய்வகக் குறிப்பேடு திறந்து கிடந்தது. மே 24. ஒரே எண் இருக்கும் பக்கம். அவள் அதைப் பார்த்தாள். நானும்.

"தாள் இல்ல" என்றேன்.

"சரி" என்றாள்.

கையிலேயே வாங்கித் தின்றோம். சூடாக இருந்தது. எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது. அவள் ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்தபடி மென்றாள். இன்னும் பதினைந்து நாளில் கட்டியாக விளையும், அதை யாரும் வீணாக்காதீர்கள், பலகை கொண்டுவருகிறேன் என்றாள்.

பிறகு பக்கத்தைத் திருப்பப் போனேன், விரல் பட்டுவிட்டது. 0.16-இன் மேல் ஒரு கறை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தாள் கண்ணாடியாகிவிட்டது.

எண் தெரிகிறது.